கடைசி வண்டி

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் பாலைவனத்துக்குள் வண்டி ஓட்டுவது வழக்கம். ரிட்ஜ்கிரெஸ்டில் கிளம்பி, மலையைச் சுற்றிப் போய், டிரோனாவில் மதியம் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேருவோம். தார் ரோடு கொஞ்சம், மண் தடம் நிறைய. இரண்டுக்கும் ஈடு கொடுக்கிற உயரமான வண்டிகள்தான் எல்லோரிடமும். அந்த வருஷம் என் முழங்காலை அறுத்துத் தைத்திருந்ததால் நான் வண்டி எடுக்கவில்லை. வழியில் யாராவது நின்றுபோனால் ஏற்றிக்கொண்டு வர, என் பிக்கப் வண்டியைத் தார் ரோட்டோடு ஓட்டிப் போவதாக ஏற்பாடு.

காலையிலிருந்தே மழை. மலை உச்சியெல்லாம் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. பெட்ரோல் பங்க்கின் கூரைக்கடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம்.

"ஹார்லன், பேசாம இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று ஒருவன் என்னைக் கேட்டான்.

"தள்ளி வச்சா நோரீன் நம்மள மதிக்க மாட்டா," என்றேன்.

"நான் இப்பவே உங்க யாரையும் மதிக்கல," என்றாள் நோரீன், தலையைத் தூக்காமலே. தன் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

நோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. கிளப் ஆரம்பித்த காலத்திலிருந்து எந்தப் பயணத்திலும் அவள்தான் கடைசி வண்டி. விழுந்தவனைத் தூக்கிவிடுவது, பஞ்சர் ஒட்டுவது, வழி தவறியவனைக் கண்டுபிடிப்பது எல்லாம் கடைசி வண்டியின் வேலை. அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

அன்றைக்கு ராய்ஸும் வந்திருந்தான். நோரீனின் முன்னாள் கணவன். எங்களில் அவன் அளவுக்கு வேகமாக ஓட்டுகிறவன் கிடையாது. அவளை விட்டுப் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. பிறகு டெலியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். டெலியா பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள், நாற்பதைத் தாண்டியிருப்பாள். கிளப்பில் பாதிப் பேர் அவளிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள். ஆனால் வண்டியோடு அவள் எங்களுடன் வருவது அதுதான் முதல் தடவை. ராய்ஸ் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த வண்டி ரொம்ப உயரம். உட்கார்ந்தால் இரண்டு காலிலும் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது.

நோரீன் அவளிடம் போய், தன் பையிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்து நீட்டினாள்.

"நீ வேலைல தினமும் போடுறதுதான். இத உள்ள போட்டுட்டு அதுக்கு மேல உன் கையுறையப் போடு. தண்ணி இறங்காது."

டெலியா ராய்ஸைப் பார்த்தாள்.

"அவ வண்டில கைப்பிடிக்கு ஹீட்டர் இருக்கு நோரீன்," என்றான் ராய்ஸ். "நாம ஓட்டின காலம் மாதிரி இல்ல இப்போ."

"தேங்க்ஸ். பரவால்லங்க," என்று டெலியா திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த இரண்டு பெண்களும் அதுவரை பேசிக்கொண்ட மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "தடம் பிரியற இடத்துல, பின்னாடி வர்றவங்க உங்ககிட்ட வந்து சேர்ற வரைக்கும் நிக்கணும். தூரத்துல லைட்டப் பாத்துட்டுக் கிளம்பக் கூடாது. அப்புறம் முக்கியமான விஷயம், ஏரி காஞ்சு கெடக்குன்னு நெனச்சு இன்னைக்கு யாரும் உள்ள இறங்கக் கூடாது. மலைத் தடத்துலதான் போறோம்."

"வாத்தியார் பாடம் முடிச்சுட்டாரு," என்றான் ராய்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை நோரீன் சொல்லித்தான் நான் அறிவேன். மிச்சத்தை டெலியா சொன்னாள்.

மலை ஏற ஏற மழையோடு ஐஸ் தூளும் விழ ஆரம்பித்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தால் சேறு, துடைக்காவிட்டால் ஆவி. பாதி மலையில் ஒருவனுக்குப் பின்சக்கரம் பஞ்சர். விரல் மடங்காத குளிரில் சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, அவனை வந்த வழியே ரோட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்குள் நோரீனுக்கு நேரம் நிறையப் போய்விட்டது. மற்றவர்களெல்லாம் எங்கேயோ முன்னால் போய்விட்டார்கள். அவள் தனியாகத் தடம் பிரியும் இடத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை.

இடது பக்கம் மலைத் தடம். அதில் நிறையச் சக்கரத் தடங்கள், மழையில் பாதி கரைந்திருந்தன. வலது பக்கம் ஏரிக்குப் போகிற குறுக்கு வழி. அதில் இரண்டு தடங்கள் மட்டும். ஒன்று நேராக, ஆழமாக, வேகமாகப் போனவனுடையது. இன்னொன்று பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து அதன் பின்னாலேயே போயிருந்தது.

"பாத்ததும் யாரு யாருன்னு தெரிஞ்சு போச்சு," என்றாள் நோரீன். "அங்கேயே நின்னு ஹெல்மெட்டுக்குள்ள கத்தினேன். என்ன கத்தினேன்னு உன்கிட்டச் சொல்ல மாட்டேன்."

எங்கள் ஏரியில் தண்ணீர் நிற்காது. வருஷம் முழுக்கக் காய்ந்து, வெடித்து, மேசை போலத் தட்டையாகக் கிடக்கும். அதில் எந்த வேகத்திலும் ஓட்டலாம். நனைந்துவிட்டால் கதை வேறு. மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும். இறங்கினால் களிமண் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி, மட்கார்டுக்குள் அடைத்து, கடைசியில் சக்கரமே சுற்றாது. முதலில் போகிறவன் மேல் ஓடு உடைவதற்குள் வேகமாகத் தாண்டிவிடுவான். பின்னால் வருகிறவள்தான் அதில் மாட்டுவாள்.

நோரீன் கரையிலேயே சரளைக்கல்லின் மேல் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். ஏரிக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, தரையோடு தரையாக எரிந்துகொண்டிருந்தது. அதை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு காலிலும் பூசணிக்காயைக் கட்டிவிட்ட மாதிரி சேறு அப்பியது.

டெலியா விழுந்து கிடந்த வண்டிக்குப் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி, கையை இரண்டு அக்குளிலும் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ராய்ஸா?"

"இல்ல. நோரீன்."

"ஓ." பிறகு, "அவரு வந்துட்டு இருக்காரு. நான் விழுந்ததப் பாத்திருப்பாரு."

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"தெரியல. மொதல்ல பயங்கரமா நடுங்குச்சு. இப்பப் பரவால்ல. குளிரே இல்ல."

உடம்பு நடுங்குகிற வரைக்கும் பயம் இல்லை. நடுக்கம் நின்றுபோனால்தான் ஆபத்து. டெலியாவின் உதடு நீலமாக இருந்தது. குடித்தவள் மாதிரி பேச்சு இழுத்தது.

வண்டியை நிமிர்த்தப் பார்த்தாள், அது அசையவே இல்லை. "இத விட்டுடு. வா, நடக்கலாம்."

"விட்டுட்டு வந்தா ராய்ஸ் திட்டுவாரு."

"திட்டட்டும். திட்டு வாங்கறதுக்கு நீ உயிரோட இருக்கணும்ல."

நோரீன் அவளைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தாள். டெலியா இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். "இங்க மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பிள்ளைகளை ஏற்றும்போது போடுகிற குரலில் நோரீன் அதட்டினாள். "டெலியா. எந்திரி. பஸ் கிளம்புது."

டெலியா எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று தனக்கே தெரியாது என்று பின்னால் சொன்னாள்.

கரைக்கு வந்ததும் நோரீன் அவளுடைய நனைந்த சட்டைகளை உரித்து, தன் பையில் இருந்த கம்பளிச் சட்டையைப் போட்டு, அதன் மேல் குப்பைப் பை ஒன்றில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டி, மறுபடியும் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டாள். சாக்லெட்டை உடைத்து வாயில் வைத்தாள். பிறகு, போன் எடுக்காத இடத்துக்காக நாங்கள் இருவரும் வைத்திருக்கிற சாட்டிலைட் கருவியில் எனக்குச் செய்தி அனுப்பினாள். 'டெலியா என்னோடு. உடம்பு விறைக்கிறது. எங்கே வரட்டும்?'

அந்த நேரம் நான் ஏரிக்கு அந்தப் பக்கத்து ரோட்டில் இருந்தேன். செய்தி வந்ததும் வண்டியைப் பழைய சுரங்கத்துப் பாதையில் திருப்பினேன். ஓடை வரைக்கும்தான் போக முடிந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற ஓடையில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 'சுரங்கப் பாதையில் வா. ஓடையில் தண்ணீர். என் வண்டி இறங்காது. இக்கரையில் நிற்கிறேன்,' என்று பதில் அனுப்பினேன்.

அந்தப் பதில் போய்ச் சேருவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் கரையில் பேசிக்கொண்டார்கள்.

"நீங்க எதுக்கு எனக்கு இதெல்லாம் பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள் டெலியா.

"நான் கடைசி வண்டி. அதான்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"இந்தக் குளிருல இதுக்கு மேல பதில் வராது."

"உங்களால அவரு வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியல, அதனாலதான் பிரிஞ்சீங்கன்னு சொன்னாரு."

நோரீன் அவளுடைய ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். "ஆமா. முடியல."

"என்னையும் நாளைக்கு அப்படித்தான் சொல்வாரா?"

"வாய மூடிட்டு சாக்லெட்ட முழுங்கு."

இதைச் சொல்லும்போது நோரீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த நேரத்துல ஒண்ணு தோணுச்சு ஹார்லன். அவள அங்கேயே உக்கார வச்சுட்டு, நான் மட்டும் சீக்கிரமா வந்து உன்னக் கூட்டிட்டுப் போகலாம்னு. நியாயமான யோசனைதான். யாரும் தப்புன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் அப்படிச் செய்யவில்லை. டெலியாவைத் தன் பின்னால் ஏற்றினாள். பிடித்துக்கொள்ள டெலியாவின் கையில் பலம் இல்லை. அதனால் நின்றுபோன வண்டியை இழுக்க வைத்திருக்கிற நாடாவை எடுத்து, இருவர் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"தூங்காத. ஏதாவது பேசிட்டே வா."

"என்ன பேச?"

"எங்க பல்லப் பத்திப் பேசு. ஹார்லன் பல்லு எப்படி?"

"மோசம். தினம் நூல் போட்டு சுத்தம் பண்றேன்னு பொய் சொல்வாரு."

"என் பல்லு?"

"உங்கள நான் பாத்ததே இல்லையே. நீங்க என்கிட்ட வரவே மாட்டீங்க. வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டீங்க."

"சரி. வேற யாரு பல்லாவது சொல்லு."

இப்படியே சுரங்கப் பாதை நெடுக எங்கள் கிளப்பின் பல் சொத்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறி, ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதுவும் நின்றது. முதுகில் அவள் ஹெல்மெட் இடித்துக்கொண்டே வந்தது என்றாள் நோரீன்.

நான் ஓடையின் இக்கரையில் நின்று பார்த்தேன். முதலில் வெளிச்சம், பிறகு வண்டி, பிறகு அதன் மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டு உருவங்கள். நோரீன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாதாரணமாக இறங்கி நடந்து ஆழம் பார்க்காமல் அவள் எந்த ஓடையிலும் வண்டியை விடமாட்டாள். அன்றைக்கு இறங்க வழியில்லை. முடிச்சை அவிழ்த்தால் டெலியா விழுந்துவிடுவாள். "மேல் பக்கமா வா. அங்க அகலமா இருக்கு," என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஆனாலும் அவள் மேல் பக்கமாகத்தான் வந்து இறங்கினாள்.

முக்கால் ஓடை தாண்டிவிட்டார்கள். முன்சக்கரம் ஏதோ பாறையில் மோதியது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, அவர்களையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனது.

நான் இறங்கினேன். முழங்கால் என்ன சொன்னது என்று இப்போது நினைவில்லை. தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. ஐஸ் கத்தி மாதிரி அறுத்தது. வண்டி ஒரு பக்கம் உருண்டு போக, இரண்டு பேரும் இன்னொரு பக்கம் புரண்டார்கள். நோரீன் ஒரு கையால் கிரியோசோட் என்ற பாலைவனப் புதர் ஒன்றின் வேரைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை வேறு ஏதோ திசையில் திரும்பியிருந்தது. அவர்களைக் கட்டியிருந்த நாடாதான் என் கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

வண்டிக்குள் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு இருந்த போர்வை, தார்ப்பாய் எல்லாவற்றையும் அவர்கள் மேல் போட்டேன். டெலியா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் அவள் பல் தந்தியடிக்க நடுங்க ஆரம்பித்தாள். "அப்படித்தான்," என்றாள் நோரீன், "நடுங்கு. நல்லா நடுங்கு." நோரீனின் முகமோ வலியில் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

போன் எடுக்கிற இடம் வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு டிரோனாவில் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். "ராய்ஸ் அங்க இருக்கானா?"

"இருக்கான். ரெண்டாவது கிண்ணம் பீன்ஸ் சில்லி சாப்பிட்டுட்டு இருக்கான். குடுக்கவா?"

அதை நான் வண்டியில் இருந்த இருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் பேசிவிட்டேன். அவர்கள் காதிலும் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டெலியாவைச் சூடான காற்று ஊதுகிற போர்வைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். விரல் நுனிகளெல்லாம் வெளுத்து மரத்திருந்தன. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நோரீன் மணிக்கட்டில் ஐஸ் பையோடு அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளை இன்னும் எக்ஸ்ரேவுக்குக் கூப்பிடவில்லை. அப்போதுதான் ராய்ஸ் வந்தான், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு டெலியாவின் போர்வையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் அழுதான். நடிப்பு இல்லை. அவனை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"உன்ன விட்டுட்டுப் போவேனா நான்?" என்றான். "அக்கரை மேட்டுல ஏறித் திரும்பிப் பாத்தேன். ரெண்டு லைட் தெரிஞ்சுது. சரி, நோரீன் வந்துட்டா, பாத்துக்குவான்னுதான் போனேன். ரெண்டு லைட்டையும் பாத்துட்டுத்தான் போனேன்."

டெலியா அவனைப் பார்க்காமல் நோரீனைப் பார்த்தாள்.

நோரீன் சும்மா இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன்.

"நீ மேடு ஏறினப்ப நான் மலைல பஞ்சர் ஒட்டிட்டு இருந்தேன் ராய்ஸ்," என்றாள். "அப்புறம் வந்தப்பவும் வண்டியக் கரையிலயே அணச்சிட்டு நடந்துதான் போனேன். அங்க ரெண்டு லைட் எப்பவுமே இல்ல."

ராய்ஸ் எழுந்தான். "தரையெல்லாம் தண்ணி. ஒரு லைட்டு ரெண்டாத் தெரியாதா? நான் பாத்ததத்தான் சொல்றேன்."

"இருக்கலாம்."

"உனக்கு இன்னும் என் மேல கோவம் போகல. அதான்."

"கோவம் இருக்கு. அது வேற விஷயம்."

"அவள நீ காப்பாத்தினதுக்குக் காலம் பூரா நன்றியோட இருப்பேன். ஆனா இப்படி அவ முன்னாடி வச்சு—"

"ராய்ஸ்," என்றாள் டெலியா. குரல் எழும்பவில்லை. "ஹெல்மெட்டக் கழட்டுங்க."

அவன் கழற்றினான்.

நோரீனுக்கு மாவுக்கட்டு போடுவதற்காக வராந்தாவில் காத்திருந்தோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான்."

"சொல்லணும்னு சொன்னேனா, இல்ல இப்படி ஒண்ணு சொல்றதுக்கு நாலு வருஷமா காத்துட்டிருந்தேனா?"

காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

"அவன் வேணும்னு விட்டுட்டுப் போகல ஹார்லன். அத நான் எங்க வேணா வந்து சொல்வேன். பின்னாடி நான் வர்றேன்னு அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்க கல்யாணத்துலேருந்து நான்தானே பின்னாடி வர்றேன். பொண்டாட்டி மாறிட்டா. பின்னாடி வர்றவ மாறல." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அடுத்த தடவை கடைசி வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

"சரி," என்றேன்.

இரண்டு வாரம் வெயில் அடித்தது. ஏரி மறுபடியும் காய்ந்தது. நோரீனின் வண்டியை ஓடையிலிருந்து எடுத்துவிட்டோம். அது என் கொட்டகையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. டெலியாவின் வண்டி மட்டும் ஏரிக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் காலையில் டெலியா எனக்குப் போன் செய்தாள். வண்டியை எடுக்கப் போகலாமா, நோரீனும் வருவாளா என்று கேட்டாள். ராய்ஸைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மூவரும் போனோம். பகலில் அந்த இடம் சாதாரணமாக இருந்தது. கரையிலிருந்து அவ்வளவு தூரம்கூட இல்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பாதி களிமண்ணுக்குள் சிமெண்டில் பதித்த மாதிரி இறுகியிருந்தது. நான் கடப்பாரையால் குத்தினேன். நோரீன் மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே ஸ்க்ரூட்ரைவரை விட்டு மண்ணைப் பெயர்த்தாள். டெலியாவுக்கு இன்னும் விரலில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. வேலைக்குப் போக முடியவில்லை. உள்ளங்கையாலேயே மண்கட்டிகளைத் தள்ளினாள்.

"இன்னும் ரெண்டு லைட்டுன்னுதான் சொல்றாரு," என்றாள், திடீரென்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி தூக்கத்துலேருந்து எழுந்து உக்காந்து சொல்றாரு. சத்தியம் பண்றாரு."

நோரீன் மண்ணைக் குத்துவதை நிறுத்தவில்லை. "நீ நம்புறியா?"

"ஒரு நாள் நம்புறேன். மறுநாள் காலைல அவரு எனக்குச் சட்டப் பொத்தான் போட்டுவிடுவாரு. அப்ப அவரு கையப் பாத்துட்டே இருப்பேன். அன்னைக்கு நம்ப முடியல." ஒரு மண்கட்டியைத் தள்ளிவிட்டு, "நீ அன்னைக்கு அதச் சொல்லாம இருந்திருக்கலாம் நோரீன்," என்றாள்.

"இருந்திருக்கலாம்."

"சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும்தான். நான்தானே அங்க கெடந்தேன்."

"தெரியும்."

"ஆனாலும்."

"ஆமா," என்றாள் நோரீன். "ஆனாலும்."

மதியத்துக்குள் வண்டி விடுபட்டது. பலகை சாய்த்து, மூவருமாக இழுத்து ஏற்றினோம். மூவருக்கும் சேர்த்து ஒரு கை, ஒரு முழங்கால், பத்து விரல் குறைவு என்று நான் சொன்ன ஜோக்குக்கு இருவருமே சிரிக்கவில்லை. பட்டையைப் போட்டு வண்டியை இறுக்கிக் கட்டும்போது டெலியாவின் போன் அடித்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலின் பக்கவாட்டால் தட்டி எடுத்தாள்.

"ஆமா. ஏத்திட்டோம்... இல்ல, நோரீனும் ஹார்லனும்தான்... தெரியல, கழுவிப் பாத்தாத்தான் தெரியும்." அந்தப் பக்கத்தில் ராய்ஸ் ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சரி. சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

அவள் நடுவில் ஏறிக்கொண்டாள். நோரீன் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன்.